புதியவளாக இருந்தபோதே கேட்டிருக்க வேண்டும்

எங்கள் அலுவலகத்தில் பக்கத்து மேசைப் பெண், தன் பூனைக்குப் பல் பிடுங்கிய கதையைச் சொல்லிக்கொண்டே சாண்ட்விச் சாப்பிடுவாள். பூனைக்குக் காப்புறுதி இருக்கிறதாம். கூப்பிட்ட கிழமையே வைத்தியர் பார்த்துவிட்டாராம். நான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருப்பேன். அதே நேரம் செவன் கிங்ஸில் எங்கள் வீட்டில் என் கணவர் கைப்பிடியை இறுக்கிக்கொண்டு பக்கவாட்டாக மாடிப்படி இறங்கிக்கொண்டிருப்பார். அவர் பஸ் ஓட்டுநர். முழங்கால் சத்திரசிகிச்சைக்காக, இந்த நாட்டு இலவச அரச வைத்தியசேவையான என்எச்எஸ் வரிசையில் காத்திருக்கிறார். கால் சரிவராவிட்டால் பஸ்ஸும் இல்லை. ஒரு பூனையைப் பார்த்துப் பொறாமைப்படும் நிலைக்கு வந்துவிட்டேன் என்று ஊருக்கு எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. பூனையைக்கூட மன்னித்துவிடலாம். மீனாவைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மீனா கோயம்புத்தூர்க்காரி. இருவரும் ஒரே நாளில்தான் இங்கே கணக்குப் பிரிவில் சேர்ந்தோம். அன்றே, ஊழியர் விஷயங்களைப் பார்க்கும் ஆளணிப் பிரிவில் இருக்கும் கிளேர், கம்பனி தரும் தனியார் மருத்துவக் காப்புறுதியைப் பற்றிச் சொல்லிவிட்டு, வீட்டில் யாரையாவது சேர்க்க விருப்பமா என்று என்னிடம் கேட்டாள். முழங்கால்தான் முதலில் நினைவுக்கு வந்தது. ஆனால் வாய், "இப்போது வேண்டாம், பிறகு பார்க்கலாம்" என்றது. "நோ ப்ராப்ளம்" என்று சிரித்தாள். பிறகு வந்தால் செய்து தருவாள் என்றே அதை எடுத்துக்கொண்டேன்.

யாழ்ப்பாணத்தில் கச்சேரி என்னும் அரச செயலகத்தில் வேலை பார்த்தவள் நான். அங்கே நியமனம் கிடைத்தவர்கள் நிரந்தரமாகும்வரை வாய் திறக்கமாட்டார்கள். வந்ததும் வராததுமாகக் கை நீட்டுகிறாள் என்ற பெயர் ஒருமுறை எடுத்தால் போதும், ஓய்வுபெறும்வரை கூடவே வரும். நான் காய்ச்சலோடு போய் உட்கார்ந்து கடிதம் தட்டச்சு செய்திருக்கிறேன். நிரந்தரமான பிறகுதான் லீவும் சலுகைகளும் கேட்கும் துணிச்சல் வரும். அந்தப் பழக்கத்தை விமானத்தில் ஏற்றிக்கொண்டு வந்து இங்கேயும் பத்திரமாக வைத்திருந்தேன். தகுதிகாண் காலம் முடிந்த அன்று, நல்ல சட்டை போட்டுக்கொண்டு கிளேரிடம் போனேன்.

அவள் முகம் வாடிவிட்டது. புதிதாகச் சேர்ந்தவர்கள் முதல் சில வாரங்களுக்குள் மட்டும்தான் வீட்டுக்காரரைச் சேர்க்கலாமாம். இனி அடுத்த வருடப் புதுப்பித்தலின்போது சேர்க்கலாம். ஆனால் ஏற்கெனவே இருக்கும் நோய் வருத்தங்களுக்கு அப்போது காசு தரமாட்டார்களாம். ஆரம்பத்தில் சேர்த்திருந்தால் பழைய முழங்காலையும் கேள்வி கேட்காமல் ஏற்றிருப்பார்களாம். ஊரில் பொறுத்திருந்தவளுக்குக் கிடைத்தது, இங்கே பொறுத்திருந்ததால் போய்விட்டது.

அன்று மதியம் மீனாவிடம் பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டேன்.

"ஆமாக்கா, மொத நாளே அவரையும் சேர்த்துட்டேன். தோள்பட்டை வலி இருந்துச்சுல்ல? ஸ்கேன், ஃபிசியோ எல்லாம் முடிஞ்சு திரும்ப பேட்மிண்டன் ஆடப் போறார். நீங்க ஏங்க்கா போடல?"

"எங்களுக்குத் தேவைப்படேல்லை," என்றேன்.

பேட்மிண்டன்! அந்த மனிதர் பந்தடிக்கத்தானே தோளைச் சரிசெய்தார். என் மனிதர் சோறு உழைக்கக் கால் கேட்கிறார். வீட்டுக்கு வந்து கொட்டித் தீர்த்தேன்.

"விடுமப்பா," என்றார் கணவர். "அந்தப் பிள்ளை எங்கட இடத்தைப் பறிச்சதோ?"

"இல்லை. பறிச்சிருந்தால் சண்டை பிடிக்கலாம். இதுக்கு என்ன செய்யிறது?"

போன வெள்ளிக்கிழமை ஆர்ச்வே முருகன் கோவிலுக்குப் போனோம். மீனாவும் அவள் கணவரும் வந்திருந்தார்கள். அவர் இரண்டு கைகளையும் தலைக்குமேல் உயர்த்திக் கும்பிட்டார். என் கணவரைக் கதிரையில் இருத்தினேன். "தம்பி, எனக்கும் சேர்த்துச் சுத்திவாரும்," என்று இவர் அவரிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்த மனிதரும், "கண்டிப்பா அண்ணா," என்று நெஞ்சில் கைவைத்துவிட்டுப் புறப்பட்டார். மீனா என் கையைப் பிடித்து அழைத்துப் போனாள். மூலஸ்தானத்தின் பின்பக்கம் வந்ததும் என் கால் நின்றுவிட்டது. அங்கிருந்து பார்த்தால் முருகனும் தெரியவில்லை, என் கணவரும் தெரியவில்லை. முன்னால் அந்தத் தோள் மட்டும் வீசி வீசிப் போய்க்கொண்டிருந்தது. கணவரின் முழங்காலுக்காக வேண்ட வந்தவள், "அந்த மனிதருக்கும் கொஞ்சம் நோகட்டும்" என்று கும்பிட்டுவிட்டேன்.