எர்த் அக்காவின் கோபம்

அக்கா டெஸ்டரை முதலில் கரன்ட் இருக்கிற இடத்தில் வைத்துப் பார்க்கிறார். அதிலுள்ள விளக்கு எரிகிறது. பிறகுதான் கரன்ட்டை நிறுத்திவிட்டுத் திறக்கப்போகும் மீட்டரில் வைக்கிறார், எரியவில்லை. அதோடு விடாமல் மறுபடியும் பழைய இடத்துக்கே போய், டெஸ்டர் இன்னும் உயிரோடுதான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிறார். யாராவது சிரித்தால், “செத்த டெஸ்டரை நம்பிச் செத்துப்போனவங்க யாரும் திரும்பி வந்து சிரிக்கல” என்பார்.

பால் பதப்படுத்தும் ஆலையில் அளவுக் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் இவருக்கு அங்குள்ளவர்கள் வைத்த பெயர் எர்த் அக்கா. ஆள் குள்ளம், குரல் மட்டும் கூரையைத் தொடும். எந்தக் கருவியைத் திறந்தாலும் கசிகிற கரன்ட்டை மண்ணுக்குள் இறக்கிவிடும் பச்சை நிற எர்த் வயரைத்தான் முதலில் இழுத்துப் பார்ப்பார். திருகில் இறுக்காமல் சும்மா முறுக்கிவிட்டிருந்தால், “என்ன இது, சடை பின்னியிருக்கீங்களா?” என்று ஒரு பிடி பிடிப்பார். வீட்டிலும் விடுவதில்லை. இஸ்திரிப்பெட்டி பிளக்கில் எர்த்துக்கான மூன்றாவது முள்ளை உடைத்துவிட்டுச் செருகிய கணவரோடு வெகுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

போன மாதம் அவர் விடுப்பில் இருந்தபோது, பால் ஓட்டத்தை அளக்கும் மீட்டரில் எண்கள் தாறுமாறாகக் குதித்தன. ஷிஃப்ட் பார்த்தது அக்காவின் சொந்தத் தம்பி. மீட்டர் பெட்டியின் பச்சை வயரைக் கழற்றிப் பார்த்தான், எண்கள் அடங்கின. அப்படியே விட்டுவிட்டான். சில நாளில் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கியது. இரும்புக் கூட்டில் கசிந்த கரன்ட் மண்ணுக்குப் போக வழியில்லாமல் அங்கேயே காத்திருந்தது. தரை கழுவுகிற அம்மா பெட்டியைத் துடைக்கக் கை வைத்தார். அடித்த அடியில் எதிர்ச்சுவரில் போய் விழுந்தார். உயிர் பிழைத்தது, வலது கை வெந்துபோயிற்று.

ஈரக் கையோடு தொட்டது அந்த அம்மாவின் கவனக்குறைவு என்று மேனேஜர் எல்லோரையும் கூட்டிவைத்துச் சொன்னார். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு வந்திருந்த அக்கா குறுக்கிட்டார்.

“கழுவுறவங்க கை ஈரமாத்தான் சார் இருக்கும். அதுக்குத்தான் எர்த் போடுறோம். அதைக் கழட்டினது யாருன்னு இங்க நிக்கிறவனைக் கேளுங்க.”

தம்பி தலை நிமிரவில்லை. “எண்ணு ஆடுச்சுக்கா. லைன் நின்னுடும்னு பயந்துட்டேன்.”

“ஆடினா சிக்னல் கேபிளைப் பாத்திருக்கணும்டா. அதோட கம்பி வலை உறையை ரெண்டு பக்கமும் எர்த்ல கட்டி வெச்சிருக்கு, அதான் எண்ணு ஆடுது. ஒரு பக்கம் பிரிச்சிருந்தாலே அடங்கியிருக்கும். நீ அந்தம்மா உயிரையில்ல கழட்டி விட்டிருக்கே.”

சேதி வீட்டுக்கு எட்டி, பெற்ற அம்மா போனில் அழுதார். கூடப்பிறந்தவனைக் காட்டிக்கொடுத்துவிட்டாயே என்றார். அக்கா போனை வைத்துவிட்டார்.

மற்ற மீட்டர்களையும் உடனே திறந்து பார்க்கவேண்டும் என்றார் அக்கா. விடுமுறை நாளில் பார்த்துக்கொள்ளலாம், இப்போது கரன்ட்டை நிறுத்தினால் தொட்டியில் பால் கெட்டுப்போகும் என்றார் மேனேஜர். அக்கா தம்பியிடம் ஸ்பேனர் பையை நீட்டி, கரன்ட் நின்றதும் ஒரு பெட்டி விடாமல் திறக்கச் சொன்னார். நேராக மெயின் சுவிட்சுக்குப் போனார். இறக்கினார். யாரும் திரும்ப ஏற்றாதபடி சுவிட்சுப் பெட்டிக் கதவில் தன் பூட்டைப் போட்டுச் சாவியை இடுப்பில் செருகினார். ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு, பூட்டிய கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார்.