வேலியோரத்து ஆள்காட்டி

கார்மேகத்தின் அம்மா வீரம்மாளும் என்னைப் பெற்றவளும் அக்காள் தங்கை வயிற்றுப் பிள்ளைகள். அந்த வகையில் கார்மேகம் எனக்குத் தம்பி முறை. சாயல்குடிக்குத் தெற்கே ஊர். எட்டாவதோடு படிப்பு நின்றது. இரண்டாயிரத்து ஒன்பதில் துபாய் போய், கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்கும் ஷட்டரிங் கார்பென்டராகச் சேர்ந்து, சோனாப்பூர் தொழிலாளர் கேம்பில் கிடந்தான். ஒரு ரூமுக்கு எட்டுப் பேர். லீவு நாளில் மற்ற ஏழு பேரும் பர் துபாய்க் கடைத்தெருவில் ஊர்க்காரர்களைத் தேடிப் போவார்கள். இவன் பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உப்புத் தண்ணீர் தேங்கிய இடமாகப் பார்த்துப் போவான். பறவை பார்க்கத்தான்.

பார்த்ததை எழுதவும் செய்வான். தேதி, நேரம், இடம், எத்தனை, என்ன செய்தது. அப்படிப் பத்து நோட்டு நிரம்பி, பதினோராவது ஓடிக்கொண்டிருந்தது. மதுரைப் பக்கத்துச் சிறு பத்திரிகை ஒன்றில் பனங்காடையைப் பற்றி இவன் எழுதியது வந்திருக்கிறது. வீரம்மாள் சின்னம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு, "பலகை அடிக்கப் போனவன் குருவியில்ல எண்ணிக்கிட்டு இருக்கான்" என்று என்னிடம் சொன்னாள். ஆனால் யாருக்கும் அந்தத் தாளைக் கொடுக்கவில்லை.

இரண்டாயிரத்து இருபத்து மூன்று, ஏப்ரல். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை ஒன்றில் மதில் வேலை. காவல் கெடுபிடியான இடம். போனைக்கூட கேட்டில் வாங்கி வைத்துவிடுவார்கள். பைனாகுலரை இவன் ரூமை விட்டு எடுத்துப் போவதில்லை. நோட்டு மட்டும் சாப்பாட்டுப் பையில் இருக்கும். அன்று காவலாளி பையைக் கொட்டினான். நோட்டு மேலே விழுந்தது.

செக்யூரிட்டி மேனேஜர் ஜோர்டான்காரர். தமிழ் படிக்க, ஆபீசில் டைம்கீப்பராக இருந்த விஜயபாஸ்கரைக் கூப்பிட்டார். அம்பத்தூரில் பிறந்து வளர்ந்த பையன். அவன் படித்தது இது:

"மார்ச் 26. காலை 5.40. தெற்கு வேலி. ஆள்காட்டி இரண்டு. ஒன்று காவல் நின்றது. ஆள் வந்ததும் சத்தம் கொடுத்தது. முட்டை மூன்று. வெறுந்தரையில் சரளையோடு சரளையாக மறைவு. அடையாளத்துக்குக் கம்பித் துண்டு மூன்று ஊன்றினேன்."

விஜயபாஸ்கர் திரும்ப ஒரு தடவை படித்தான். அவன் அறிந்த ஆள்காட்டி, ஆளைக் காட்டிக் கொடுப்பவன். அப்படியே இங்கிலீஷில் சொல்லிவிட்டான்: உளவு சொல்பவர்கள் இரண்டு பேர், தெற்கு வேலி. முட்டை என்றதை முட்டை என்றே சொன்னான். மேனேஜர் அதைக் குண்டு என்றோ என்னவோ எடுத்துக்கொண்டார். வேலியோரம் வேலை செய்தவர்களை வெளியே வரச் சொல்லிவிட்டு, போலீசுக்குப் பேசப் போனைக் கையில் எடுத்தார்.

"சார், அது குருவி சார்" என்றான் கார்மேகம்.

"குருவிக்கு எவண்ணே ஆள்காட்டின்னு பேர் வைப்பான்? இங்கிலீஷ்ல என்னா, அதச் சொல்லு" என்றான் விஜயபாஸ்கர்.

"அது தெரிஞ்சா நான் ஏன் சார் பலகை அடிக்கிறேன்? வந்து பாருங்க. போன் போடுறதுக்கு முந்தி ஒரு தடவ வந்து பாக்கச் சொல்லுங்க."

போலீஸ் வந்து கூட்டிப் போனால் எந்த அறை, எத்தனை நாள், ஊரில் நாங்கள் யாரிடம் கேட்பது? கார்மேகத்தின் மனைவி பானுப்பிரியாவுக்கு இதை எந்த வார்த்தையில் சொல்வது? விஜயபாஸ்கர் கெஞ்சினான். மேனேஜர் மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார். பத்து நிமிஷம்.

ஜீப்பில் போகும்போதுதான் கார்மேகம் நாளைக் கணக்குப் போட்டான். அன்று தேதி இருபத்திரண்டு. முட்டையைப் பார்த்து இருபத்தெட்டாம் நாள், பொரிக்கிற காலம். குஞ்சு பொரித்துவிட்டால் தாய் ஓட்டைத் தூக்கிக் கொண்டுபோய்த் தூரப் போட்டுவிடும். குஞ்சும் அன்றைக்கே எழுந்து நடந்துவிடும். காட்ட ஒன்றும் இருக்காது.

அப்படித்தான் ஆயிற்று. கம்பித் துண்டு மூன்றும் நின்றன. நடுவில் வெறும் சரளை.

"மாஃபி" என்றார் மேனேஜர். ஒன்றுமில்லை. போனில் நம்பரை அழுத்தத் தொடங்கினார்.

தலைக்கு மேலே கிறீச்சிட்டுக்கொண்டு ஒரு பறவை பாய்ந்தது. சிவந்த மூக்கு, மஞ்சள் கால். மேனேஜர் தொப்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். அது திரும்ப வந்தது. கூட இன்னொன்றும்.

"இதாண்ணே ஆள்காட்டியா?"

"நம்ம வர்றத ஊருக்கே சொல்லுதுல்ல, அதான் பேரு. கத்துதுன்னா குஞ்சு இங்கனதான் இருக்கு சார். யாரையும் அசைய வேணாம்னு சொல்லுங்க."

விஜயபாஸ்கர் சொல்லி முடிப்பதற்குள் மேனேஜர் பறவைக்கு ஒதுங்கிக் காலைத் தூக்கினார். கார்மேகம் தரையில் விழுந்து அந்தப் பூட்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். காவலாளி அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தான். சட்டை கிழிந்தது. இவன் விடவில்லை.

"ஸ்டாப், ஸ்டாப்" என்று விஜயபாஸ்கர் கத்தினான். அவன் கண்ணில் அப்போது பட்டுவிட்டது. பூட்சுக்கு அரைச் சாண் தள்ளி, கல் என்று நினைத்த ஒன்றுக்குக் கண் இருந்தது.

மேனேஜர் காலைப் பின்னால் எடுத்து வைத்தார். உட்கார்ந்து பார்த்தார். கம்பி ஓரம் இன்னொரு குஞ்சு, தரையோடு தரையாக. போனை எப்போது பைக்குள் போட்டார் என்று யாரும் பார்க்கவில்லை.

"கலாஸ்" என்றார். அத்தோடு முடிந்தது. போலீஸ் இல்லை. ஆனால் காவல் உள்ள இடத்தைப் பற்றி எழுதியது எழுதியதுதான். நோட்டு ஆபீசில் இருக்கும், திரும்ப வராது. நாளையிலிருந்து இவனுக்கு அல் கூஸ் கிடங்கில் டியூட்டி. விஜயபாஸ்கர் தலையைக் குனிந்துகொண்டு தமிழில் சொன்னான்.

"சரி சார். ஆபீசுக்குப் போறதுக்கு முந்தி அதுல ஒரு வரி எழுதிக்கிறேன்னு கேளுங்க."

மேனேஜர் நோட்டோடு தன் பேனாவையும் நீட்டினார். கிழிந்த சட்டையோடு சரளையில் குந்தி, கார்மேகம் எழுதினான்: "ஏப்ரல் 22. பகல் 11.10. குஞ்சு இரண்டு."

"மூணுன்னு எழுதுண்ணே. முட்டை மூணுதான? இன்னொண்ணு இங்கதான் எங்கனா இருக்கும்."

"இருக்கும் சார். நான் பாக்கலையே."

நோட்டை மூடிக் கொடுத்தான்.