மாப்பிள்ளை உள்ளே வரும் காட்சி

ரெஜினா சிஸ்டர் இறந்துபோன செய்தி அவருடைய போனிலிருந்தே வந்தது. எங்கள் நாடகத்துக்கென்று ஒரு வாட்ஸப் குழு உண்டு. அதில் ஒருநாளும் நல்ல சேதி வந்ததில்லை. 'இந்த ஞாயிறு எனக்கு ஏ ஷிஃப்ட்', 'ஓ.டி. போட்டுட்டாங்க, மன்னிக்கவும்' என்று, ஒத்திகைக்கு வராமல் போவதற்கான காரணங்கள்தான் வரிசையாக வரும். அன்று வேலை முடிந்து கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்தபோது சிஸ்டர் பெயரில் ஒரு செய்தி கிடந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு வரச்சொல்லித் திட்டியிருப்பார் என்று நினைத்துத் திறந்தேன். 'ரெஜினா காலைல தவறிட்டாங்க. நாளைக்கு மண்ணூர்ல அடக்கம். செல்வம்' என்று அவர் கணவர் எழுதியிருந்தார். நான் இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போனதுகூடத் தெரியவில்லை. டிரைவர்தான் கண்ணாடியில் பார்த்துவிட்டு வண்டியை ஓரம் கட்டினார்.

ஒரகடம் பக்கம் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கிற உங்களில் பலருக்கு அவரை முதலுதவி அறை நர்ஸாகத் தெரிந்திருக்கும். மாத்திரை கொடுப்பார், கொஞ்ச நேரம் படுக்க விடுவார், பிறகு லைனுக்கே விரட்டிவிடுவார். அவர் நாடகம் போட்டுக்கொண்டிருந்தார் என்பது சிலருக்குத்தான் தெரியும். அந்த நாடகத்தில் நான்தான் மாப்பிள்ளை. நடித்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சாத்தூரிலிருந்து இங்கே வேலைக்கு வந்தவன் நான். எனக்குப் பெண் பார்க்கிற படலம் எங்கள் வீட்டில் ஒரு தொடர்கதை. ஒருமுறை ராஜபாளையம் பக்கம் நல்ல இடம் ஒன்று அமைந்தது. படத்தைப் பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. பெண் பார்க்கக் குறித்த நாளுக்கு லீவு கேட்டேன். ஆள் குறைவு என்று சூப்பர்வைசர் கையை விரித்துவிட்டார். வேறு வழி தெரியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முதலுதவி அறைக்குப் போனேன். சிஸ்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ரெண்டு கையாலயும் வயித்தப் புடிச்சிகினு, மூஞ்சிய சுளிச்சிகினு வர்ற. நெசமா வலிக்கிறவன் இத்தினி வேல பண்ண மாட்டான்பா. வலி கீறவன் அத்த மறைக்கத்தான் பாப்பான். இன்னா விஷயம், சொல்லு" என்றார்.

சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. மேலே இருந்தவர்களிடம் எனக்காகப் பேசிக்கூடப் பார்த்தார். அவர் பேசி முடித்து எனக்கு அனுமதி வாங்குவதற்குள் தெற்கே போகிற பஸ் எல்லாம் போய்விட்டது. மறுநாள் அந்த வீட்டில் என் அப்பாவும் அம்மாவும் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். என்னை வீடியோ காலில் காட்டினார்கள். யூனிபாரமும் தொப்பியுமாக, பின்னால் மெஷின் ஓடுகிற சத்தத்தில், நான் என்ன பேசினேன் என்று எனக்கே கேட்கவில்லை. நேரில் வர நேரமில்லாத மாப்பிள்ளை நாளைக்கு எப்படிக் குடும்பம் நடத்துவான் என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். அவர்கள் கேட்டதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் அந்த வீட்டு வாசற்படியை நான் மிதிக்கவே இல்லையே என்பது மட்டும் எனக்குள் நின்றுவிட்டது. போயிருந்தால் உள்ளே நுழைந்ததும் என்ன சொல்லியிருப்பேன் என்று வேலைக்கு நடுவிலும் யோசித்துக்கொண்டிருப்பேன்.

சில வாரங்கள் கழித்து சிஸ்டர் கூப்பிட்டனுப்பினார். என் கதையை நாடகமாகப் போடப் போவதாகச் சொன்னார். அவர் வீட்டுக்குப் பக்கத்து மாதா கோயில் திருவிழாவில் அதற்கு ஒரு இடம் வாங்கியாயிற்று. பெண் பார்க்க எல்லோரும் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள், மாப்பிள்ளை மட்டும் ஷிஃப்ட்டில் மாட்டிக்கொண்டான். 'இதோ வந்துடுவான்' என்று சொல்லிச் சொல்லியே நேரம் போகிறது, பஜ்ஜி ஆறுகிறது, இரண்டு குடும்பமும் மறைக்க வேண்டியதையெல்லாம் ஒன்றொன்றாக உளறிவிடுகின்றன. கடைசியில் மாப்பிள்ளை கதவைத் தட்டிக்கொண்டு உள்ளே வருகிறான். அந்த ஒரு காட்சியில்தான் நான்.

நடிகர்களைப் பிடித்ததும் அதே முதலுதவி அறையில்தான். பொய்யாக உடம்பு சரியில்லை என்று வந்தவர்களில் தேறியவர்களைப் பொறுக்கி எடுத்தார். பெண்ணின் அப்பாவாக வந்த தனசேகர் பிள்ளைப்பாக்கத்துக்காரர், எங்கள் கேண்டீன் சூப்பர்வைசர். மூட்டுவலி என்று படியேற முடியாமல் வந்தவர், டீ வண்டி மணி கேட்டதும் குடுகுடுவென்று இறங்கிப் போனாராம். பெண்ணின் அம்மா வளர்மதி, லைனில் வேலை பார்க்கிற திண்டுக்கல் பெண், ஹாஸ்டல்வாசி. மயக்கம் போட்டு விழுவதற்கு முன்னால் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டதைப் பார்த்து அவளைச் சேர்த்துக்கொண்டதாக சிஸ்டர் சொல்வார். தரகராக ஒரு செக்யூரிட்டி அண்ணன், என் அம்மாவாக ஹவுஸ்கீப்பிங் அக்கா ஒருவர். பெண் கடைசிவரை உள்ளறையிலேயே இருப்பதாகக் கணக்கு, அதற்கு ஆள் வேண்டாம். என்னையும் சேர்த்து ஐந்து பேர்.

மாதா கோயிலை ஒட்டிய தகரக் கொட்டகையில் முதல் ஒத்திகை நடந்தது. சிஸ்டர் "ஆரம்பிங்க" என்றார். நால்வரும் போய் ஒரே வரிசையாக நின்றார்கள். கை பின்னால், பார்வை நேரே. தினமும் வேலை தொடங்குமுன் சூப்பர்வைசர் எதிரே அப்படி நின்றுதான் அவர்களுக்குப் பழக்கம். தரகர் வசனம் சொல்ல ஒரு அடி முன்னால் வந்து, சொல்லிவிட்டு, ஒரு அடி பின்னால் போனார்.

"ஷிஃப்ட் மீட்டிங்கா நடக்குது இங்க? பொண்ணு பாக்க வந்துகீறிங்கோ" என்றார் சிஸ்டர்.

கலைந்து நிற்கச் சொன்னார். கலைந்தார்கள். அடுத்த வசனத்தில் தாமாகவே மறுபடி வரிசை சேர்ந்துவிட்டார்கள். அன்று முழுவதும் இதே கூத்து. அடுத்த வாரம் சிஸ்டர் வீட்டிலிருந்து பாயும், ஃபிளாஸ்க்கில் சூடான டீயும், நிஜமாகவே பஜ்ஜியும் கொண்டுவந்தார். எல்லோரையும் கீழே உட்காரவைத்தார். நடிக்கக்கூடாது, வசனமும் வேண்டாம், வீட்டுக்கு வந்தவர்களை உபசரித்தால் போதும் என்றார். வளர்மதி தட்டை நீட்டி, "எடுத்துக்கங்க, ஆறிப் போயிரும்" என்றாள். ஹவுஸ்கீப்பிங் அக்கா, "பையன் வந்துரட்டும்மா" என்று தட்டை லேசாகத் தள்ளினார். ஒருவரும் எழுதிக்கொடுக்காத பேச்சு அது. சிஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் முதலுதவி அறையில் பார்த்ததில்லை.

ஆனால் அதற்குப் பிறகு ஐந்து பேரும் ஒன்றாகக் கூடுவது மட்டும் நடக்கவே இல்லை. தனசேகர் வந்தால் வளர்மதிக்கு ஓ.டி., வளர்மதி வந்தால் தரகருக்கு டூட்டி. யார் வராவிட்டாலும் அவர்களுடைய இடத்தில் என்னை உட்காரவைப்பார் சிஸ்டர். எனக்குத்தான் கடைசிவரை வேலை இல்லையே. பெண்ணின் அப்பாவாக, தரகராக, ஏன், எனக்கே அம்மாவாகவும் இருந்தேன். ஒருநாள் அதிசயமாகத் தனசேகர் வந்து மனைவி வளர்மதியின் எதிரே உட்கார்ந்தார். அவளோ அவரை விட்டுவிட்டு, ஓரமாக உட்கார்ந்திருந்த என்னிடம் திரும்பி, "உங்க தங்கச்சி கல்யாணத்துல எங்கள நடத்தின லட்சணம் தெரியாதா?" என்று சண்டை பிடிக்க ஆரம்பித்துவிட்டாள். நானும் பழக்கதோஷத்தில் பதிலுக்குக் கத்தினேன். "இன்னாபா, என் சம்சாரத்த நீயே வெச்சிக்கிறியா?" என்று தனசேகர் கேட்ட பிறகுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது.

இப்படி எல்லோருடைய வசனமும் எனக்கு மனப்பாடம் ஆயிற்று. என்னுடையது மட்டும் தெரியாது. கேட்கும்போதெல்லாம் சிஸ்டர் தள்ளிப்போடுவார். ஒருநாள் கோபித்துக்கொண்டேன். எல்லாருக்கும் சொல்லித் தருகிறீர்கள், என்னை மட்டும் எடுபிடியாக வைத்திருக்கிறீர்கள் என்றேன்.

"நீ உள்ள வந்ததும் இன்னா சொல்வேன்னு எனக்கே தெர்ல மாப்ள. உக்காந்து எழுதினா பொய்யாத்தான் வருது. அஞ்சு பேரும் ஒண்ணா கூடட்டும். அவுங்க மூஞ்சியப் பாத்தா உனக்கு வரும். வந்தா நான் சொல்றேன், இதான்னு" என்றார்.

அந்த 'இதான்' என்ற ஒரு சொல்லுக்காகத்தான் நான் ஞாயிறுதோறும் தூக்கத்தை விட்டுவிட்டு ஷேர் ஆட்டோ பிடித்துப் போனேன். வேடிக்கையாகத் தோன்றலாம். ராஜபாளையத்தில் நுழைய முடியாத வீட்டுக்குள் அந்தக் கொட்டகை வழியாக ஒருமுறை போய்விடலாம் என்று நம்பினேன். போய்ச் சேர்ந்தேனா என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும், அது சிஸ்டர்தான் என்றும் முடிவு செய்திருந்தேன்.

கடைசியாக நடந்த ஒத்திகைகளில் அவர் நிற்கவே இல்லை. எங்களோடு பாயில் உட்கார்ந்துகொண்டார். கேட்டதற்கு, "கீழ ஒக்காந்தாத்தாம்பா மூஞ்சி நல்லா தெரியுது" என்றார். நாங்களும் இது ஏதோ புது முறை என்று தலையாட்டினோம். பஜ்ஜி பக்கம் அவர் கை போகவில்லை. வசனத்துக்கு நடுவே சில நேரம் அசையாமல், மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு இருப்பார். காட்சியில் ஒன்றிப்போய்விட்டார் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. வயிற்றில் இருந்த கட்டி அதற்கு முன்பே முற்றியிருந்தது என்பதைச் செல்வம் அண்ணன் சொல்லித்தான் அறிந்தோம். நிஜமான வலி எப்படி இருக்கும் என்று எனக்கு முதல் நாளே சொன்னவர், அதை எங்கள் கண் முன்னாலேயே அப்படியே செய்துகாட்டியிருக்கிறார். அத்தனை நல்ல நடிப்பை நாங்கள் யாரும் செய்ததில்லை.

அடக்கத்துக்கு நாங்கள் ஐந்து பேரும் வந்திருந்தோம். எப்படி லீவு கிடைத்தது என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவில்லை. தனசேகர் மட்டும் என் காதருகே, "இன்னிக்குன்னு பாத்து எல்லாரும் வந்துகீறோம்பா" என்று சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். எல்லாம் முடிந்து கிளம்பும்போது மனம் கேட்காமல் செல்வம் அண்ணனிடம் கடைசிக் காட்சியைப் பற்றிக் கேட்டேன். கேட்கிற நேரமா என்று அவர் திட்டியிருக்கலாம். திட்டவில்லை.

"எங்கிட்ட ஒண்ணும் சொல்லலபா. ஆஸ்பத்திரில படுத்துகினு இருக்கச்ச நானே கேட்டேன், அந்த மாப்ளைய எப்பதான் உள்ள விடப்போறன்னு. அவன் உள்ள வந்துட்டா நாடகம் முடிஞ்சிடும்ல, இன்னும் கொஞ்ச நாள் வெளியவே நிக்கட்டும்னு சொல்லிச்சு."

திருவிழா நெருங்கிவிட்டது. வேண்டாம் என்று விட்டுவிடலாமா என்றும் பேசினோம். வளர்மதிதான், "ஒரு தடவையாவது முழுசாப் போட்டுப் பாத்திருவோம்ணே. அவங்க ஆசைப்பட்டதே அது ஒண்ணுதான?" என்றாள். போன ஞாயிறு கொட்டகையில் கூடினோம். பாயை விரித்துவிட்டு நால்வரும் உட்கார்ந்தார்கள். நான் முதல்முறையாக வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். உள்ளே ஆரம்பித்தார்கள். எனக்கு அத்துப்படியான வசனங்கள்தான். ஆனாலும் வெளியே நின்று கேட்டபோது வேறு மாதிரி இருந்தது. ஒரு வீட்டில் நாலு பேர் உட்கார்ந்து என்னைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். வந்துடுவான், வந்துடுவான் என்று ஒருவருக்கொருவர் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

தட்டினேன். தனசேகர் எழுந்து வந்து கதவைத் திறந்தார். உள்ளே போனேன். நால்வரும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். வளர்மதி அழுதுகொண்டிருந்தாள். என் அம்மாவாக உட்கார்ந்திருந்த அக்கா கையில் தொடாத டீ இருந்தது. அந்த முகங்களைப் பார்த்ததும் நான் யோசிக்காமலே அது வந்தது.

"இம்புட்டு நேரமும் எனக்காகவா காத்துக்கிட்டிருந்தீங்க?"

நாடகம் அங்கே முடிந்தது என்பது எங்கள் ஐந்து பேருக்கும் தெரிந்தது. திருவிழா மேடையில் அதைத்தான் சொல்லப் போகிறேன். ரெஜினா சிஸ்டரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது இந்த ஒரு வசனம்தான். அவர் எழுதிக் கொடுக்காதது, ஆனால் அவர் கொடுத்தது.

வந்துவிட்டது, சிஸ்டர். 'இதான்' என்று ஒருதரம் நீங்கள் சொல்லியிருக்கலாம்.