தட்டினால் பதில் சொல்லும் தகடு

அக்காவின் அலுமினியத் தகடு உள்ளங்கையளவுதான் இருக்கும். கொழும்பு வெள்ளவத்தையில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் சாப்பாட்டு மேசையில் அதை வைத்து, இரண்டு வயர்களை மீட்டரில் கொளுவி, விரலால் தட்டுவாள். மீட்டரின் முள் துடிக்கும். அழுத்தினால் மின்சாரம் தருகிற ஒருவகைப் பீங்கான் தூளை அவள் அந்த உலோகத்துக்குள் புதைத்திருந்தாள். உருக்கி ஊற்றினால் தூள் அடியில் படிந்துவிடும். அதனால் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில், சுழலும் உருக்குக் கம்பியால் தகட்டை உரசி, அது களியைப்போல இளகும்போது தூளைக் கலப்பாள். பாலமோ விமானச் சிறகோ உடையுமுன் தன் நோவைத் தானே சொல்லவேண்டும் என்பது அவளுடைய ஆசை. ஆய்வுகூடத்தில் அடிக்கடி மின்வெட்டு என்பதால், வீட்டில் வைத்துச் சோதித்துப் பார்க்கச் சொன்னவர் அவளுடைய பேராசிரியர்தான்.

வடக்கில் சண்டை கடுமையாக நடந்த காலம். ஒருநாள் காலை பொலிஸார் எங்கள் ஒழுங்கையின் வீடுகளைச் சுற்றிவளைத்தார்கள். வீட்டுக்குள் வந்த பொலிஸ் அதிகாரி மேசையில் போத்தலில் மிச்சமிருந்த வெள்ளைத் தூளையும் வயர்களையும் பார்த்துவிட்டு மரியாதையாகத்தான் விசாரித்தார். அக்கா நல்ல சிங்களத்தில் விளக்கினாள். தன் வேலையைப் பற்றி யாராவது கேட்டால் அவளுக்கு முகம் மலர்ந்துவிடும். தகட்டைத் தட்டியும் காட்டினாள்.

"மிதித்தாலும் கரண்ட் வருமா?" என்றார் அவர்.

"ஓம் சேர், இன்னும் கூட வரும்."

"அக்கா, காணும், நிப்பாட்டு," என்றேன் தமிழில். அவள் நிறுத்தவில்லை. மிதிவெடியை மனதில் வைத்து அவர் கேட்டதை ஆர்வம் என்று நினைத்துவிட்டாள். பேசிக்கொண்டிருந்தவளை அப்படியே ஜீப்பில் ஏற்றினார்கள்.

நான் பேராசிரியரிடம் ஓடினேன். அவரும் தமிழர், பிள்ளைகுட்டிக்காரர். "வீட்டில என்ன செய்தவ எண்டு எனக்குத் தெரியாது தங்கச்சி," என்றார். பொலிஸிடமும் அதையேதான் சொன்னார். யாருக்காகச் செய்தாய் என்று கேட்டுக் கேட்டு, மேசை விளிம்பில் வைத்து அவளுடைய விரல்களை அடித்தார்கள். மாதங்கள் கழித்து, குற்றம் எதுவும் இல்லையென்று விட்டபோது எலும்புகள் கோணலாகப் பொருந்தியிருந்தன. அதற்குள் வீட்டுக்காரர் எங்களை வீட்டைவிட்டு எழுப்பிவிட்டார். கொட்டாஞ்சேனையில் ஓர் அறைக்குப் போனோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பேராசிரியர் கேக் பெட்டியோடு அங்கே வந்தார். அக்காவின் கைகளைப் பார்க்காமலே தேநீர் குடித்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"நீங்கள் போனபிறகு தூள் ஒரு பக்கமாக் கட்டிபடுது. கம்பிக்கு என்ன வேகம் வச்சனீங்கள்?"

வெளியே போங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அக்கா தொடங்கிவிட்டாள். வேகம், கம்பியின் சரிவு, எத்தனை தரம் உரசுவது, ஒன்றையும் விடவில்லை.

அவர் போனபின் ஏன் சொன்னாய் என்று கத்தினேன்.

"அவருக்குச் சொல்லாட்டி வேற ஆருக்குச் சொல்லுறது?" என்றாள்.

பேச்சில் அவளுடைய தேநீர் ஆறிப்போயிருந்தது. கோப்பையை நான் வாயருகே பிடிக்க, குடித்தாள்.