கீறலுக்கு அடியில்

என் கவனக்குறைவால்தான் கேஸ் தோற்றது என்று பதிமூன்று வருடமாக என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். பனியன் துணியை அழுத்திச் சுருக்கும் காம்பாக்டிங் மெஷினில் வலது கையின் மூன்று விரல்கள் போயின. மூடியை நானே திறந்துவைத்தேன் என்றது கம்பெனி. நஷ்டஈட்டுக் கேஸை விசாரித்த அதிகாரி கேட்டதும் கேமராப் பதிவு என்று ஒரு சி.டி.யை என்னிடம் கொடுத்தனுப்பினார்கள். மொபெட் பெட்டியில் ஸ்பேனரோடு போட்டு எடுத்துப்போனேன். விசாரணையில் ஓடவில்லை. கீறல் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். "ஒரு தட்டக் காப்பாத்தத் துப்பில்ல" என்பாள் என் மனைவி மயிலாள், சோறு போடும்போதெல்லாம்.

பிரிசில்லா, துணிப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்தாறு வருடமாக மைக்ராஸ்கோப் பார்க்கிறவர். நான் அங்கே பனியன் துணி சாம்பிள் கொண்டுபோய்க் கொடுக்கிறவன். முழுப் பருத்தி என்று சீட்டு ஒட்டி வந்த துணியில் பாலியஸ்டர் இழை தெரிந்தால், "பொய்யி கம்பியாட்ட நேரா நிக்குதுங்க" என்பார். இரண்டு கண்ணையும் திறந்துகொண்டுதான் பார்ப்பார். ஒரு கண்ணை மூடும் புதுப்பெண்களை, "ஏங்கண்ணு, கோழி தூங்குதா?" என்று இடிப்பார். டீயை ஆறிய பிறகுதான் தொடுவார்.

போன மாதம், சர்ச்சில் பதிவு செய்த பாட்டு சி.டி. ஒன்றை லென்சுக்கு அடியில் வைத்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் என்னுடையதைக் கொண்டுபோய் நீட்டினேன்.

"இதென்னுங்க, மம்புட்டி போட்டுக் கொத்துனீங்களா?" வாங்கி, உள்ளிருந்து வெளியே நேராகத் துடைத்தார். "வட்டமாத் தொடைக்கறவங்க கைய ஒடைக்கோணும்" என்றவர், என் கையைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

முதலில் பாட்டு சி.டி.யைக் காட்டினார். வரிவரியாக, நெட்டையும் குட்டையுமாகப் புள்ளிகள், தையல் போட்ட மாதிரி. பிறகு என்னுடையதை வைத்து, உள் விளிம்பிலிருந்து நகர்த்திக்கொண்டே வந்தார். டீ ஆறி ஆடை கட்டியது.

"கீறல் மேலாலதானுங்க. அடியில வெறும் வரி ஓடுது, ஒரு புள்ளி இல்ல. இதுல எதையும் எழுதவே இல்லீங்க. காலித் தட்டக் குடுத்து உட்டிருக்கறாங்க."

மயிலாள் செத்து இரண்டு வருடம் ஆகிறது.

எழுதிக் கொடுங்கள் என்றேன். கூடத்துக்கு வரும் துணியில் பாதி அந்தக் கம்பெனியுடையது. பிரிசில்லா மேனேஜர் அறைக் கதவைப் பார்த்தார்.

"சீலு இவங்களுதுங்க, குடுக்க மாட்டாங்க. கண்ணு என்னோடது."

சி.டி.யை உறையில் போட்டு என் இடது கைப்பக்கம் நகர்த்தினார். "எங்க சொன்னாலும், எழுதுனாலும், பாத்தது ஆருன்னு பேரோட போடுங்க. வெறும் பிரிசில்லான்னா அவிநாசில நாலு பேரு இருக்கறாங்க. பிரிசில்லா தங்கராஜ்னு முழுசாப் போடுங்க."