மலைக்கும் சேர்த்துச் சிவப்பு

கல்வராயன் மலையில் ஒரு அக்காவின் மக்காச்சோளக் கொல்லையில் படைப்புழு விழுந்துவிட்டது. ஆள் விட்டு மருந்தடிக்கலாம் என்றால் ஊரில் ஆளே இல்லை, பாதிப் பேர் வெளியூர் வேலைக்குப் போயிருந்தார்கள். அதனால்தான் என்னைக் கூப்பிட்டார். நான் மருந்து தெளிக்கும் ட்ரோன் ஓட்டுகிறவள். முறையாகப் பயின்று பைலட் சான்றிதழ் வாங்கியவள். மறுநாள் காலையிலேயே வருவதாகச் சொன்னேன்.

அன்று மாலை வாட்ஸ்அப்பில் அறிவிப்பு வந்தது. பெரிய தலைவர் ஒருவர் ஹெலிகாப்டரில் கள்ளக்குறிச்சி வருகிறார். அதற்காகச் சில நாட்களுக்கு மாவட்டம் முழுக்கத் தற்காலிகச் சிவப்பு மண்டலம், எந்த ட்ரோனும் பறக்கக் கூடாது. எங்கே பறக்கலாம் என்று காட்டும் செயலியைத் திறந்தால், எப்போதும் பச்சையாக இருக்கும் மலையும் சிவப்பாகக் கிடந்தது.

தடை தப்பு என்று நான் சொல்லவில்லை. ஹெலிகாப்டர் வரும் வழியில் ட்ரோன் குறுக்கிட்டால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும். ஆனால் அது இறங்கும் மைதானம் எங்கே, இந்தக் கொல்லை எங்கே. என் ட்ரோன் பயிருக்கு மேலே ஓர் ஆள் உயரத்தில்தான் பறக்கும். கொல்லையின் எல்லை, உயரம், நேரம் எல்லாம் எழுதி, வரைபடமும் சேர்த்துக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனேன்.

எழுத்தர் வாங்கிப் பார்த்தார். "இத வாங்க எனக்கு அதிகாரம் இல்லமா. கலெக்டர் ஆபீஸ்ல கேளுங்க."

கலெக்டர் ஆபீசில், "பாதுகாப்பெல்லாம் போலீஸ்தாங்க பாக்குறாங்க" என்றார்கள். வான்வழி அவர்கள் பொறுப்பாயிற்றே என்று சென்னை விமான நிலையத்துக்குப் போன் போட்டேன். எடுத்தவர், தடை போட்டது மாவட்டம், விலக்கும் அங்கேதான் கேட்க வேண்டும் என்று வைத்துவிட்டார். மறுபடி காவல் நிலையம்.

"பறக்க விட்டா ஏதும் ஆவாதுன்னு எனக்கும் தெரியுதுமா," என்றார் அதே எழுத்தர். "ஆனா எழுதிக் குடுக்க மாட்டேன். கேஸ் ஆச்சுன்னா உன் லைசென்ஸ் போயிடும், பாத்துக்க."

அக்காவிடம் போனில் சொன்னபோது அவருக்குப் புரியவில்லை.

"ஏம்மா, அவுரு எங்க கொல்லைக்கா வராரு?"

"இல்லக்கா."

"அப்புறம் இன்னாத்துக்கு? புழு தின்னுகினே கீது."

எரிச்சலில் அவரிடமே சத்தம் போட்டுவிட்டேன், பிறகு மன்னிப்புக் கேட்டேன்.

தலைவர் கடைசியில் ஹெலிகாப்டரில் வரவே இல்லை. வானிலை சரியில்லை என்று காரில் வந்து பேசிவிட்டுப் போனார். அவர் போன பிறகும் செயலியில் சிவப்பு மாறவில்லை. கேட்டால், அறிவிப்பில் போட்ட நாள் முடிந்தால் தானாக மாறும் என்றார்கள். முன்கூட்டியே எடுக்க யார் கையெழுத்துப் போடுவது என்று யாருக்கும் தெரியவில்லை.

பச்சையான அன்றே மலையேறினேன். அக்கா ஒரு தட்டையைப் பிடுங்கி என் கையில் கொடுத்தார். குருத்து முழுக்க மரத்தூள் மாதிரி எச்சம், நடுவே கொழுத்த புழு. கொல்லையின் மேல்பக்கம் முழுதும் அப்படித்தான். கீழ்ப்பக்கம் மட்டும் கொஞ்சம் தப்பியிருந்தது.

"கீழ மட்டும் அடிச்சுடு," என்றார். "மேல இருக்கிறத அறுத்து மாட்டுக்குப் போட்டுக்கிறேன்."

ட்ரோன் ஏறியது. மருந்துச் சாரல் மாட்டுத் தீவனத்தில் படக் கூடாதே என்று மேல்பக்கத்தை ஒதுக்கி ஒதுக்கி ஓட்டினேன். அக்கா அண்ணாந்து பார்க்கவில்லை. அரிவாளோடு அறுக்க ஆரம்பித்திருந்தார்.