பிறை கேட்டு வந்த அழைப்புகள்

1. எங்கள் கல்முனைக் கிளையில் மூவரில் ஒருவரே மிஞ்சுவார் என்று பத்திரிகையின் கொழும்புத் தலைமையகம் அறிவித்தது.
2. யாரென்று தொலைபேசியில் சொல்வார்களாம்.
3. அன்றிலிருந்து கொழும்பு அழைப்பை நாங்கள் எடுக்கவில்லை.

வருடங்கள் கழிந்தும், நேற்று மருந்துக் கடையில் மேசைத் தொலைபேசி அடித்ததும் என் கை தானாகப் பின்வாங்கியது. கடைக்காரருக்கு வந்த அழைப்பு, எனக்கு வியர்த்தது!

செய்தி பார்த்தவர் அமீர் காக்கா; காக்கா என்றால் எங்களுக்கு அண்ணன். விளம்பரம் சேர்த்தவர் காரைதீவுக் குகன் அண்ணன். பக்கம் வடிவமைத்தது நான். பெருநாள் பிறை பார்க்கும் மாலைகளில் ஊரே எங்களிடம்தான் விசாரிக்கும். பிறை உறுதியானதும் கொழும்பு அழைக்கும். நாங்கள் ஊர்க் கடைகளின் பெருநாள் வாழ்த்துப் பக்கத்தை அனுப்புவோம்.

அறிவிப்பு வந்த வருடமும் பிறை மாலையில் தொலைபேசி அடித்தது.

"எடுக்காத புள்ள, கொழும்பாரிக்கும்" என்று காக்கா என்னைத் தடுத்தார்.

"பிறை கேக்கிற ஆக்களாரிக்கும், காக்கா."

"கொழும்பெண்டா? பெருநாளும் அதுவுமா ஒபிஸ மையத்து வூடாக்கி அழணுமா?"

குகன் அண்ணன் சிரித்தார். "இப்பிடிப் பயந்தா நோன்பு நிக்குமா, காக்கா?"

"நீ மத்தியானம் திண்ட பார்சல் மணத்துலயே பாதி நோன்பு போயித்து. சும்மா இரி!"

சொல்லிக்கொண்டே காக்கா தொலைபேசி வயரைக் கழற்றினார். கைபேசிகளை முன்பே அணைத்திருந்தோம். நானும் தடுக்கவில்லை, அந்த அமைதி எனக்கும் வேண்டியிருந்தது.

கொஞ்ச நேரத்தில் மீன் வியாபாரி ஒருவர் சைக்கிளை வாசலில் நிறுத்திக் கத்தினார்: "ஒபிஸ் மௌத்தாப் போயித்தா? போனெடுக்க ஆளில்லயா?"

ஒபிஸே செத்துப்போனதா என்ற கேள்விக்குச் சிரித்தோம். ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

பள்ளிவாசல் ஒலிபெருக்கி பிறையை அறிவித்த பிறகுதான் பக்கத்தை அனுப்பினேன். காலையில் பத்திரிகையைப் பிரித்தால், அது என் பக்கமல்ல. எங்களைத் தொடர்புகொள்ள முடியாமல், முன்பே அனுப்பிய விளம்பரப் பட்டியலை வைத்துக் கொழும்பிலேயே செய்திருந்தார்கள். கடைப் பெயர்கள், ஊர்ப் பெயர்கள், எல்லாம் சரி. ஒரு பிழையாவது கிடைக்காதா என்று மேலிருந்து கீழாகத் தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை.

பெருநாள் விடுமுறை முடிந்து வயரைச் செருகியதும் அழைப்பு வந்தது. காக்கா எடுத்தார். "ஓம்... ஓம்..." என்றார். வைத்துவிட்டு, "ஒராளும் வேணாமாம்" என்றார்.

இப்போது அந்த அறையில் கைபேசி உறை விற்கிறார்கள். பிறைச் செய்தி வாட்ஸப்பில் வருகிறது. காக்கா வீட்டில் இருக்கிறார். குகன் அண்ணன் கட்டாருக்குப் போய்விட்டார். நான் அதே பத்திரிகைக்கு வெள்ளிக்கிழமைப் பக்கத்தை வீட்டிலிருந்து செய்கிறேன், மாதாமாதம் புதுப்பிக்கும் ஒப்பந்தத்தில். இந்த மாத ஒப்பந்தம் இன்னும் வரவில்லை.